மொலிப்டினமும் என் கால் பெருவிரலும்

திகனையில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. அதில் துணியை விரித்துக் காட்டுவது என் வேலை. சாப்பாட்டு வேளையில் அதைவிடச் சுறுசுறுப்பாக இருப்பேன். 1930களின் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் கண் விழித்தபோது வலது கால் பெருவிரல் தக்காளிப்பழம் போல வீங்கிக் கிடந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. யாராவது அறைக்குள் நடந்தால் பலகைத் தரையின் அதிர்வுகூட அந்த விரலுக்குத் தெரிந்தது.

மாட்டு வண்டியில் தெல்தெனிய ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் கொண்டுபோனார்கள். அவர் எட்ட நின்று பார்த்துவிட்டு "கௌட்" என்றார். இறைச்சியும் வைனுமாக வாழும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வரும் மூட்டு நோயாம்.

திரும்பும் வழியெல்லாம் வாப்பா சிரித்தார். "தொரமாருட வருத்தம் வந்துட்டு மகன். சம்பளம் மட்டுந்தான் இன்னும் வரல்ல."

அன்றிலிருந்து கடைத்தெருவுக்கு நான் 'துரை'. வருத்தம் ஒரு கிழமையில் போய்விடும், நினைத்தபோது திரும்பி வரும்.

அடுத்த மழைக்காலத்தில் வாப்பா நெஞ்சு பழுதாகிப் படுக்கையில் விழுந்தார். ஒரு பின்னேரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நான் மவுத்தானா கபுருக்குள்ள நீதான் எறங்கணும். நீதான் என்னய வாங்கி வெக்கணும். வேற ஆம்புளப் புள்ள எனக்கில்லயே."

"ஒங்களத் தாங்குற பெலன் எனக்கு ஈக்கா வாப்பா?"

"சோத்துப் பீங்கானத் தூக்குற கைதானே. போதும்."

எங்களில் புதைகுழிக்குள் இறங்கி உடலை வாங்கிக் கிடத்துவது மகனின் உரிமை. இறங்குவேன் என்று சொன்னேன்.

என் விரலுக்குள் என்ன நடந்தது என்பதை, தலை நரைத்த பிறகுதான் கண்டியில் ஒரு இளம் டாக்டர் விளக்கினார். நம் ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. தின்னும் இறைச்சியிலும் உடம்பின் தேய்மானத்திலும் வரும் பியூரின் என்ற பொருளைக் கடைசியில் யூரிக் அமிலமாக்குவது அதுதான். அந்த நொதியின் நடுவே மொலிப்டினம் என்ற உலோகம் அணுவளவு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் நொதி அசையாது. மற்றவர்களுக்கு அமிலம் சிறுநீரோடு கழிந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்கு அது தேங்கி, மூட்டில் ஊசி ஊசியாகப் படியும். ஆக, என் உடம்பில் சோம்பல் இல்லாமல் வேலை செய்தது அந்த உலோகம் ஒன்றுதான்.

"அதக் கழட்டி வீச ஏலாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஏலாது ஐயா. அதே உலோகம் வேற நொதியளுக்கும் வேணும். அது சேராமல் பிறக்கிற பிள்ளையள் வலிப்பு வந்து செத்துப்போகுதுகள். பருப்பில, பயறில இருந்துதான் எங்களுக்குக் கிடைக்குது."

அந்த நொதியை அடக்க ஒரு குளிசை தந்தார். நல்ல குளிசை. வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு நாற்பது வருடத்துக்கு மேல் பிந்தி வந்தது.

வாப்பா படுக்கையில் கிடந்த அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் இறைச்சி வீடு வீடாக வந்தது. வாப்பாவுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. அவர் பங்கு ஈரலையும் நானே தின்றேன். பெருநாள் முடிந்த கையோடு, ஒரு சுபஹுத் தொழுகை நேரத்தில் அவர் மவுத்தானார். ஓடிப்போய்ப் பார்க்க எழுந்தேன். கால் தரையில் பட்டதும் அலறினேன். வாப்பாவுக்காக அலறினேன் என்று வீட்டில் நினைத்தார்கள், விரலுக்காகவும்தான்.

ஜனாஸாவின் பின்னால் என்னால் நடக்க முடியவில்லை. தங்கச்சியின் மாப்பிள்ளையான என் மச்சான் கடைக் கதிரையில் இரண்டு மூங்கிலைக் கட்டினான். முன்னால் சந்தூக்குப் பெட்டியில் வாப்பா, பின்னால் கதிரையில் நான், இருவரும் ஆள் தோளில். எதிரே வந்த தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினார். "ஏங்க, ரெண்டு சாவுங்களா?"

என்னைச் சுமந்தவர்களில் ஒருவரான கடைத்தெருத் தையற்காரர் மூச்சிரைக்கச் சொன்னார்: "ஒண்ணுதான். மத்தது இன்னும் முடிவாகல்ல."

அழுதுகொண்டே நான் சிரித்தேன். வாப்பா கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

கபுரடியில் கதிரையை இறக்கினார்கள். "மகன் எறங்குறாரா?" என்று பள்ளிவாசல் லெப்பை கேட்டார். இரு பக்கமும் பிடிக்கச் சொல்லி எழுந்து, ஈர மண்ணில் காலை வைத்தேன். கண் இருட்டியது. திரும்பக் கதிரையில்தான் விழுந்தேன். விழுந்த சத்தத்துக்கு எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மச்சான் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். ஆனால் இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

"எறங்கு," என்றேன்.

வாப்பாவை அவன்தான் வாங்கினான். மூன்று பிடி மண்ணை யாரோ என் கையில் தந்தார்கள். கதிரையில் இருந்தபடியே போட்டேன். எல்லாம் முடிந்து, கையெல்லாம் சேறாக அவன் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"வாப்பா கனமே இல்ல மச்சான், மிச்சம் லேசா ஈந்தாரு," என்றான்.

"எவ்வளவு லேசு?"

அவரை வாங்கியதுபோலவே அவன் இரண்டு கையையும் ஏந்திக் காட்டினான். பாவம், வேறு எப்படித்தான் சொல்வான்.