போகவில்லை, வழிகிறது

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்கள் நாய்க்குக் குட்டி என்று பெயர், நீள உடம்பும் குட்டைக் காலுமான டாஷ்ஹண்ட். சோபாவிலிருந்து குதித்தவன் எழுந்திருக்கவே இல்லை. முதுகெலும்பில் ஏதோ பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டதாம். பின்னங்கால் இரண்டும் போயின. கூடவே சிறுநீரும் நின்றுபோனது.

ஆபரேஷன் செய்து, குழாய் வைத்து எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிச் சிறுநீர் தானாகப் போனால் பிழைத்துக்கொள்வான், போகாவிட்டால் உடனே கூப்பிடுங்கள் என்றார்கள். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவன் ஒண்ணுக்குப் போனால் போதும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

மறுநாள் காலை, ஜூரோங்குக்கு வேலைக்குக் கிளம்பிய கணவர் கூடத்திலிருந்து கத்தினார்.

"ஏய், இங்க வா! ஒண்ணுக்குப் போயிட்டான் லா!"

தரையெல்லாம் ஈரம். ஒரு சொட்டு சிந்தினாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன், காலுறை நனைய நின்று சிரித்தார். நான் தேக்கா சந்தைக்கு ஓடி, சாமிக்கு மல்லிகை வாங்கி வந்தேன். துடைக்கத் துடைக்க ஈரம். எனக்கோ தலைகால் புரியவில்லை!

அடுத்த நாள் குட்டி சோற்றைத் தொடவில்லை. வயிறு கல் மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது.

"அக்கா, இவன் போகல. மூத்திரப் பை ரொம்பி வழியுது."

பையைச் சுருக்கச் சொல்லும் நரம்பும் வேலை செய்யவில்லை, அதன் வாயைத் திறக்கச் சொல்லும் நரம்பும் வேலை செய்யவில்லையாம். நிரம்பிய தொட்டியிலிருந்து மிச்சம்தான் கசிந்திருக்கிறது. அட கடவுளே, அதற்கா பூ வாங்கினேன்!

பையைக் கையால் அமுக்கிச் சிறுநீரை எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அமுக்கினால் குட்டி என் முகத்தையே பார்ப்பான். நான் கையை எடுத்துவிடுவேன். கணவர் செய்தும் பாதிதான் வந்தது. கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. இனி அவனை வதைக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

என் மடியில் வைத்துத்தான் அந்த ஊசியைப் போட்டார்கள். மூச்சு நின்றதும் உடம்பு தளர்ந்தது. அடைத்துக் கிடந்த அத்தனையும் வெதுவெதுவென்று என் மடியில் கொட்டியது. துடைக்க வந்த டாக்டரைக் கணவர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

நான் வேண்டிக்கொண்டது அதைத்தானே. இப்போதெல்லாம் கோயிலுக்குப் போனால் சும்மா நின்றுவிட்டு வருகிறேன், எதையும் கேட்கப் பயமாக இருக்கிறது.