ஆறாம் தறியும் என் சராசரியும்

போன வாரம் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். வாயால் அல்ல... சி மொழியில், லினக்ஸில், ஒரு யுஎஸ்பி பெட்டியின் துணையோடு.

பொறுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

என் பிழைப்பு உங்களில் பலருக்குத் தெரியும். மெஷின்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்கு, சங்கரன்கோவிலில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி புரோகிராம் எழுதுகிறேன். என் மேஜையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி உண்டு. வோல்டேஜ், சூடு, அதிர்வு — எதை வயர் வழியாகக் கொடுத்தாலும் நொடிக்கு ஆயிரம் தடவை அளந்து, எண்ணாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்பும். டேட்டா அக்விசிஷன் டிவைஸ் என்று பெயர். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'கரண்ட் அளக்குற பொட்டி'.

அந்தப் பெட்டியைத் தேடித்தான் கோமதி வந்தாள். எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவள் விசைத்தறி கோமதி. சுப்பையா அண்ணாச்சி தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு தறி போட்டிருக்கிறார். ஆறாம் தறி பதினோரு வருஷமாகக் கோமதியின் கையில்.

"அக்கா, ஒரு எட்டு வந்து எங்க தறிக்கு வார கரண்டை அளந்து சொல்லுங்க. சில நாளு காலைல கரண்டு சரியுதுக்கா. கண்ணைச் சிமிட்டுற நேரந்தான். சத்தம் தொய்யும். அப்படியே ஓட விட்டா நாடா பாதியில மாட்டிப் பாவு பூரா அறுந்துரும். அதான் டக்குனு நிறுத்துதேன். அண்ணாச்சி நம்ப மாட்டேங்காவ. வார திங்கக்கிழமையில இருந்து தறி வேற ஆளுக்காம். என்னைய நூலு சுத்தப் போகச் சொல்லுதாவ."

நாடா என்பது குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற கட்டை; பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். நூல் சுற்றுவது என்பது புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. பதினோரு வருஷம் தறி ஓட்டியவளை அதில் உட்கார வைப்பது எப்படி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அசைய மாட்டார்.

"நீங்களே கவனிச்சுப் பாருங்க தங்கச்சி. குழாய்ல தண்ணி வார நாளு பாத்துத்தான் அவ தறி நிக்குது. நான் கடைவீதிக்குப் போற நேரம்லா அது. தறியை நிறுத்திட்டு வீட்டுக்குக் குடம் ரொப்ப ஓடிருதா. மத்த அஞ்சு தறிக்கும் இல்லாத கோளாறு இதுக்கு மட்டும் எங்கன இருந்து வரும்?"

"அளந்து பார்த்துடலாமே அண்ணாச்சி?"

"தாராளமா அளங்க. பொட்டி சொன்னாக் கேட்டுக்கிடுதேன்."

பெட்டி சொன்னால்! பெருமையாக இருந்தது எனக்கு. மனுஷர் சொன்னால் நம்பாதவர் என் பெட்டியை நம்புகிறாரே...

அந்தப் பெட்டியைப் பேச வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதோடு வந்த சாஃப்ட்வேர், விண்டோஸுக்குப் பதில் என் லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸில் ஓடாது. ஆக, நானே சி-யில் எழுதியாக வேண்டும். எழுதி ஓட்டினால் முதல் பதில் — அனுமதி இல்லை. என் லேப்டாப், என் பெட்டி, என் வீட்டு மேஜை... எனக்கே அனுமதி இல்லையாம்! யுஎஸ்பியில் மாட்டும் எதையும் கண்டவரும் தொடக் கூடாது என்பது லினக்ஸின் கண்டிப்பு. இன்ன பெட்டியை இன்னார் தொடலாம் என்று ஒரு வரி எழுதி, அதற்குரிய இடத்தில் வைத்த பிறகுதான் வழிவிட்டது. தறிக்கு வரும் கரண்டை நேராகக் கொடுத்தால் பெட்டி புகைந்துவிடும் என்பதால், நடுவே வோல்டேஜைக் குறைக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும், ஆறாம் தறியின் போர்டில் மாட்டிய பெட்டியோடு லேப்டாப் தறிக்கூடத்திலேயே இருந்தது. செவ்வாய்தான் குழாயில் தண்ணீர் வந்த நாள். வழக்கம்போல ஆறாம் தறி நின்றதாம்... ஏழெட்டுத் தடவை.

வியாழன் காலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். வோல்டேஜைக் காட்டும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. அண்ணாச்சி ஒரு தடவை பார்த்தார். கோமதியிடம் நீட்டினார்.

"கரண்டு சரிஞ்சுன்னு சொன்னேல்லா? எங்கன சரிஞ்சிருக்கு, காட்டு பாப்போம்."

கோமதி பேப்பரை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு நொடிதானக்கா சரியும்..." என்று மட்டும் சொன்னாள். தறிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். ஒரு நொடி... ஒரு நொடி... புரோகிராமைத் திறந்து பார்த்தால், இருபத்திரண்டாவது வரியில் என் லட்சணம் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

எங்களைப் போல் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோடு நடுங்கினால் பிடிக்காது. வழவழவென்று வர வேண்டும். அதற்காக, நிமிஷத்துக்கு ஒரு சராசரி எடுத்து அதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அறுபது நொடியில் ஒரே ஒரு நொடி ஐம்பது அறுபது வோல்ட் சரிந்தால் சராசரியில் எவ்வளவு குறையும்? ஒரு வோல்ட்! பிரிண்டில் கண்ணுக்கே தெரியாது. பெட்டி பாவம், நொடிக்கு ஆயிரம் தடவை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அத்தனையையும் கூட்டி வகுத்து, கோமதி சொன்ன அந்த ஒரு நொடியைக் குப்பையில் போட்டது நான். நிஜமாகவே குப்பையில்தான் — பழைய அளவுகளை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. யோசித்தால் நாம் எல்லாருமே இதைத்தான் செய்கிறோம், இல்லையா? "பொதுவா வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று போனில் சொல்கிறோம். அந்தப் 'பொதுவா'வுக்குள் யாருடைய எந்த நொடி காணாமல் போயிருக்கும்?

சராசரியைத் தூக்கி எறிந்தேன். வோல்டேஜ் கால் நொடி சரிந்தாலும், நேரத்தோடு திரையில் ஒரு வரி விழும்படி மாற்றினேன். அண்ணாச்சியிடம் போய், "தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. கோமதி மேல இல்ல. இன்னொரு தடவை பார்க்கணும்" என்றேன்.

"திங்கக்கிழமை வரைக்குந்தான் டயம்" என்றார்.

அதற்குள் குழாயில் தண்ணீர் வர வேண்டுமே! வெள்ளிக்கிழமை வரவில்லை. தண்ணீருக்காக வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஊர்தான். ஆனால் ஒரு குடம்கூட எடுத்துப் போகாமல், தண்ணீர் வருகிறதா என்று தெருக்குழாயை எட்டி எட்டிப் பார்த்தவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தது. லேப்டாப்போடு ஓடிப்போய்ப் பெட்டியில் மாட்டினேன். கடைவீதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணாச்சியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

தறிக்கூடத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அது நேராகத் தெரியும். கோமதிக்கு அது முதுகுப்பக்கம். அந்த வாசலுக்கு வெளியே அண்ணாச்சியின் மனைவி — எங்களுக்கெல்லாம் மதினி — குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரை உறிஞ்சித் தொட்டிக்கு ஏற்ற ஒரு மோட்டார். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு ஏது?

மதினி சுவிட்சைப் போட்டார். ஆறாம் தறியின் சத்தம் தொய்ந்தது. கோமதியின் கை சட்டென்று கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்தியது. என் திரையில் ஒரு வரி விழுந்தது.

அண்ணாச்சி திரையைக் குனிந்து பார்த்தார்.

குழாயில் தண்ணீர் சீராக வராதே... மோட்டாரில் காற்றுப் பிடித்தது. மதினி அணைத்தார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி போட்டார். மறுபடி சத்தம் தொய்வு, மறுபடி கோமதியின் கை, மறுபடி ஒரு வரி. மூன்றாவது தடவை மதினியின் கை சுவிட்சுக்குப் போனபோது, தறிச் சத்தத்தையும் மீறி அண்ணாச்சி கத்தினார்.

"ஏட்டி! மோட்டாரைப் போடாத!"

பின்வாசலுக்குப் போய், மோட்டாருக்குப் போகும் வயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு வந்தார். வயர் சுவரேறி, ஜன்னல் தாண்டி, ஆறாம் தறியின் போர்டில் வந்து முடிந்தது. மோட்டார் கிளம்பும் முதல் நொடியில் கரண்டை அள்ளி இழுக்கும்; அதே போர்டில் இருக்கும் தறிக்குத்தான் அது சரியும்.

"போன வருசம் தொட்டி கெட்டும்போது, பக்கத்துல இருக்க போர்டுல இருந்தே லைனை இழுத்துருன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னது நாந்தான் தங்கச்சி" என்றார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அடுத்த அரை மணியில் எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். மோட்டாருக்கு வேறு லைன். அன்று மதியம் வரை கரண்டு சரிந்து ஆறாம் தறி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மதினி ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து கோமதியிடம்தான் முதலில் கொடுத்தார். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

கோமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நான் குடுத்த பேப்பர் தப்பும்மா. நீ சொன்னதுதான் சரி."

"விடுங்கக்கா. தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்துட்டியள்லா" என்று சிரித்தாள்.

அண்ணாச்சி அவளிடம் நேரடியாக மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "திங்கக்கிழமை ஒந் தறிக்கே வந்துரு" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய வார்த்தை. ஆனால் என் பெட்டியின் மேல் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆறு தறிக்கும் இதே மாரி தறிக்கொரு பொட்டி மாட்டிருவமா? எந்தத் தறிக்கு என்ன கோளாறுன்னு அப்பப்பத் தெரிஞ்சிரும்லா?"

அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த கோமதி நிமிர்ந்தாள்.

"பொட்டி எதுக்கு அண்ணாச்சி? எங்ககிட்ட கேட்டாச் சொல்ல மாட்டமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.