தீக்குச்சி வாடை

சரியான கேள்வி கேட்ட ஒரு மாணவியை வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி நான் அவமானப்படுத்தினேன். தெரிந்தே செய்தேன்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று ஆல்கீன்கள் பாடம். பள்ளியை ஆய்வு செய்யும் கல்வி அதிகாரி சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆல்கஹாலோடு அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி எத்திலீன் தயாரித்தேன். வரும் வாயுவை எரிசோடாக் கரைசலில் கழுவி அனுப்ப வேண்டும். கழுவும் குப்பி விரிசல் விட்டிருந்தது. நேராகவே புரோமின் நீருக்குள் விட்டேன்.

செம்பழுப்பு நிறம் மறைந்தது. "இரட்டைப் பிணைப்பில் ஒன்று அறுந்து, ஒவ்வொரு கார்பனிலும் ஒரு புரோமின் சேர்ந்துவிட்டது. பெயர் 1,2-டைபுரோமோஈத்தேன்" என்றேன்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். சாயங்காலம் வீட்டில் தாயோடு தீப்பெட்டி ஒட்டுகிற பெண்.

"சார், தீக்குச்சி உரசின வாடை அடிக்கே. எத்திலீன் இப்படியா இருக்கும்?"

குடுவைக்குள் கலவை கறுத்திருந்தது. கழுவாமல் விட்டதால் கந்தக டைஆக்சைடும் கலந்து வந்தது. அதுவும் புரோமின் நிறத்தைப் போக்கும். எனக்கு அது தெரியும். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, வகுப்பை விட்டு ஓடவும் முடியவில்லை.

"ஏட்டி, வாடை குடுவையில இருந்து வரல, ஒந் தாவணியில இருந்து வருது. தீப்பெட்டி வேலைய வீட்டுலயே விட்டுட்டு வா" என்றேன்.

அதிகாரியும் சிரித்தார்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "எல்லாரும் தீக்குச்சின்னு கூப்பிடுதாகளாம். இனி வரமாட்டா சார்" என்றார் அவள் தாய்.

புதுக் குப்பி வாங்கினேன். அதே வகுப்பில் வாயுவைக் கழுவி அனுப்பி, சோதனையை மறுபடி செய்தேன். அன்று அவள் கேட்டதுதான் சரி, நான் பொய் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதைச் சொல்ல மீண்டும் அவள் வீட்டுக்குப் போனேன். விரலில் பசையோடு வாசலுக்கு வந்தாள்.

"இந்தத் தடவ வாடை வந்துச்சா சார்?"

"இல்லம்மா. கலர் மட்டும் போச்சு."

கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்க பொய் சொன்னேன்னு சொல்லும்போது சிரிச்சாகளா?"

"யாரும் சிரிக்கல."

"என்னயப் பாத்துச் சிரிச்சாக" என்றாள். பசை காய்ந்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவள் பள்ளிக்கு வரவேயில்லை.