அண்ணியின் உள்ளங்கால்

துணிக்கடையில் அவளுக்குத் தூண் என்று பெயர். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றே கிடப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆள் வந்தாலும் வராவிட்டாலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் வண்டி ஓடியது. வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்து, கைப்பிடிமேல் காலைத் தூக்கிப் போட்டுக் கண்ணை மூடிவிடுவாள். சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

அதே வீட்டில் நாத்தனாரும் இருந்தாள். கல்யாணமே வேண்டாமென்று நின்றுவிட்டவள், சலவைக்கடையில் வேலை. அண்ணன் இறந்ததும், அவனுடைய சட்டைகளை யாரைக் கேட்டு அடுத்தவர்களுக்குக் கொடுத்தீர்கள் என்று இவள் தொடங்கிய வாக்குவாதம் முற்றி, இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. ஒரே அடுப்பு, இரண்டு சமையல். சொல்லியே தீரவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள். கத்திச் சண்டை போட இருவருக்குமே தெம்பில்லை.

ஒரு சாயங்காலம் சோபாவைத் தாண்டிப் போன நாத்தனார் நின்றாள்.

"யாரோட குதிகால்லயோ கறுப்பா என்னமோ இருக்கு" என்றாள் சுவரிடம்.

"செருப்புச் சாயம்" என்று கூரையைப் பார்த்துப் பதில் வந்தது.

நாத்தனார் உள்ளே போய்ச் சோப்பும் ஈரத்துணியும் கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்து தேய்த்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. அதன்பிறகு அவளுக்குச் சுவர் ஞாபகம் வரவில்லை.

"அண்ணி, இது சாயமில்லை. ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கு. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. எத்தனை நாளா இருக்கு?"

"என் உள்ளங்காலை நான் எங்க பார்த்தேன்?"

"வலிக்குதா?"

"காலு முழுக்கத்தான் வலிக்குது. அதுல இது எதுன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டரிடம் போக லீவு வேண்டுமே. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினாள். கடைசியில் நாத்தனாரே கடைக்குள் நுழைந்து, மேனேஜர் முன்னால் நின்று, "எங்க அண்ணியைக் கூட்டிட்டுப் போறேன். சம்பளத்தைப் பிடிக்கிறதுன்னா பிடிச்சுக்குங்க" என்றாள். தூண் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள்.

தோல் டாக்டரம்மா லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "நம்மள மாதிரி கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராதுன்னு நினைச்சுக்கிறோம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில, இங்கல்லாம் வரும். யாரும் பார்க்கிறதில்லை. சின்னதா வெட்டியெடுத்துச் சோதிச்சிடலாம்."

தோல் புற்றுநோய்தான். ஆனால் மேல்தோலைத் தாண்டி ஆழமாக இறங்கவில்லை. சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். "ஆறுற வரைக்கும் அந்தக் காலை ஊன்றக் கூடாது, நிற்கவே கூடாது" என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நின்றது போதும் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தாரே! நிம்மதிப்பட்டதை நினைத்துத்தான் பிறகு அழுதாள்.

காயம் ஆறித் திரும்பியபோது கடையில் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அலைந்து திரிந்து, ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைச்சல். நாற்காலி உண்டு.

இப்போது மாதம் ஒருமுறை, விடுமுறை நாளில், ஜன்னல் வெளிச்சத்தில் இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கிறார்கள். விரலிடுக்கு, நகம், காது மடலின் பின்புறம், உள்ளங்கால். புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா, பழைய மச்சம் பெருத்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா?

"கையைத் தூக்குங்க அண்ணி. சும்மா நெளியாதீங்க."

"கூசுதுடி. சீக்கிரம் பாரு, எனக்குத் தூக்கம் வருது."

"தூங்குங்க. நான் பார்த்துக்கிறேன்."

அவள் அப்படியே கவிழ்ந்து படுத்தாள். நாத்தனார் ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.