பூண்டுப் புள்ளிகளும் அடைக்கலமேரியும்

அடைக்கலமேரிக்குச் செண்பகனூரில் வீடு. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. 1985இல் அந்தப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தொட்டால் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, அவள் மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

அதோடு வந்த ஒரு புரோகிராம் அவளைப் பிடித்துக்கொண்டது. திரை நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் மாடு மேய்க்கும் ஓர் ஆள். பக்கத்துப் புள்ளி என்ன செய்கிறது என்று பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று அது தானே முடிவெடுக்கும். மேலிருந்து கட்டளையிட யாரும் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் புல்வெளி மொத்தமும் மொட்டையாகிவிடும். ஏன் என்று கேட்டால் வகுப்பே சண்டை போடும்.

ஆனால் அது எங்கோ ஒரு சமவெளி நாட்டின் கதை. அடைக்கலமேரி அதைக் கொடைக்கானலுக்கு மேலே பூண்டு விளையும் மேல்மலைக்குக் கொண்டுவந்தாள். மாட்டுக்காரர்கள் பூண்டு விவசாயிகள் ஆனார்கள். தரை சரிவாயிற்று. மேலே இருப்பவர் ஓடையை மறித்தால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் இல்லை. உறைபனி பள்ளத்து வயல்களைக் கருக்கியது.

"எங்கப்பா இப்பிடித்தான் டீச்சர். பக்கத்துக் காட்டப் பாத்துட்டுத்தான் வெதைப்பாரு" என்று ஒரு மாணவி கத்தினாள்.

இதைக் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து சேனாதிபதி வந்தார். மலைக்கிராமங்களின் விவசாயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். "என் வேலைக்கு அப்படியே பொருந்துதுங்க. ஒரே ஒரு மாற்றம் மட்டும் வேணும்" என்றார்.

அந்த ஒரே ஒரு மாற்றத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று. பள்ளிக்குத் திரையில் படம் வேண்டும், ஒரு பீரியடுக்குள் முடியவும் வேண்டும். அவருக்குப் படம் வேண்டாம். சனிக்கிழமை முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடி முடிவுகள் மட்டும் வர வேண்டும். ஒருவருக்காகத் திருத்தினால் மற்றவருடையது நின்றுபோகும். எந்த வரி எதைத் தொடுகிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தங்கை கல்யாணத்துக்குப் போனவளைக்கூடத் தேடி ஆள் வந்தது.

சேனாதிபதி நல்லவர்தான். "நீங்களே மதுரைக்கு வந்து ஆராய்ச்சி பண்ணலாமே, இடம் இருக்கு" என்றார். அவள் தலைமையாசிரியர் மரியஅந்தோணியிடம் போய் நின்றாள்.

"நீ போயிட்டா அந்தப் பெட்டிய யாரும்மா தொடுவா? ஒரு ஆளத் தயார் பண்ணிட்டுப் போ."

அவள் அதை நம்பினாள். கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். எத்தனை விவசாயிகள், பனி எப்போது, பக்கத்துக்காரரைப் பார்ப்பார்களா மாட்டார்களா என்று இப்போது கம்ப்யூட்டரே கேட்கும். பதிலைத் தட்டினால் போதும். பூகோள ஆசிரியர் மலைச்சாமி அவள் உதவியே இல்லாமல் ஒரு வகுப்பை நடத்தி முடித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு உடம்பே லேசாயிற்று.

"இனி என்னை விட்டுடுங்க சார்."

மரியஅந்தோணியின் முகம் மலர்ந்தது. "இம்புட்டுச் சுளுவாக்கிட்டியே! வத்தலக்குண்டு, பெரியகுளம் ஸ்கூலெல்லாம் கேக்குறாங்கம்மா. நீதான் போய்ச் சொல்லிக் குடுக்கணும்."

அந்த வருடம் மதுரை இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. சேனாதிபதியே நேரில் வந்து வருத்தத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு, "பனிய ஒரு மாசம் முன்னாடி தள்ளிப் பாக்கலாமா?" என்று கேட்டார். அவள் தள்ளிக் கொடுத்தாள்.

1989இல் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. புதிதாக வந்ததில் பழைய புரோகிராம் ஓடவில்லை. இழவு வீட்டில் நிற்பதுபோல் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அடைக்கலமேரிக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. முகத்தில் தெரிந்துவிடுமோ என்று குனிந்துகொண்டாள்.

"புதுசுக்கு மாத்தி எழுதிடும்மா" என்றார் மரியஅந்தோணி.

"எழுத மாட்டேன் சார்."

"ஏன், முடியாதா?"

"முடியும் சார்."

அவளை எழுத வைக்க அவரிடம் ஒரு வழியும் இல்லை என்பது இருவருக்குமே அப்போதுதான் புரிந்தது.

பரீட்சை முடிந்ததும் ராஜினாமா செய்தாள். மதுரைக்குப் போகும் ஆசை விட்டுப்போயிருந்தது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்காணல். வெயிலில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?" என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க" என்றாள்.