பீங்கானுக்குத் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், பலேர்மோவின் லிபெர்த்தா பகுதியில், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மணியின், வீட்டில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இத்தாலிக்கு வந்து இரண்டு மாதம்தான். யார் என்ன சொன்னாலும் "சீ, சீ" என்று தலையாட்டுவேன். அந்த ஊரில் அதுதான் "ஓம்".

முதல் நாள் காலையிலேயே சிஞ்ஞோரா நாப்போலி நகருக்குக் கிளம்பினார். மறுநாள் மாலைதான் திரும்புவார். சமையலறைப் பக்கம் கையைக் காட்டி மளமளவென்று ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: போர்ச்செல்லானா, தண்ணீர், இரண்டு தரம். போர்ச்செல்லானா என்றால் பீங்கான். அலுமாரியிலிருந்த பீங்கான் கோப்பைகளையெல்லாம் இரண்டு தரம் கழுவி அடுக்கினேன். என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல!

மத்தியானம் சமையலறைக்குப் பின்னால் பூட்டியிருந்த அறையிலிருந்து ஒரு சத்தம். குரைப்பும் இல்லை, அழுகையும் இல்லை. யாரோ இழுத்து இழுத்துப் பாடுவதுபோல இருந்தது. எனக்கு முன் அங்கே வேலை செய்த மன்னார்ப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது: "பின் அறைப் பக்கம் போகாதையும். சிஞ்ஞோராவின்ரை மனுசன் அங்கைதான் செத்தவர்." நேரத்தோடு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் ஒரே வெக்கை. பாட்டு கம்மிப்போய், முனகலாகியிருந்தது. தேவாரத்தை முணுமுணுத்தபடி நடையைத் துடைத்தேன். ஈரம் அந்தக் கதவடிக்குப் போனதும், கீழ் இடைவெளியால் ஏதோ சிவப்பாக நீண்டு தரையை நக்கியது. அலறிக்கொண்டு பின்வாங்கினேன். பிறகுதான் உறைத்தது, பேய்க்குத் தாகம் எடுக்குமா?

சாவி கதவிலேயே இருந்தது. திறந்தால் ஒரு நாய். உடம்பு முழுக்க மினுங்கும் வெள்ளை, நீண்ட காதுகளில் மட்டும் செம்மஞ்சள் புள்ளி. காலியான சட்டிக்குப் பக்கத்தில் எழும்ப முடியாமல் கிடந்தது. கழுவி வைத்த சூப்புக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தேன். மூன்று கோப்பை குடித்தது.

மாலையில் வந்த சிஞ்ஞோரா "போர்ச்செல்லானா!" என்று கூப்பிட, நாய் தள்ளாடிப் போனது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. வேலை போனாலும் பரவாயில்லையென்று கையாலும் அரைகுறைச் சொல்லாலும் நடந்ததைச் சொன்னேன்.

மொழி பழகிய பிறகு மீதியைச் சிஞ்ஞோராவே சொன்னார். அது பிரான்சின் அபூர்வ வேட்டை நாய். பளபளப்பால் வந்த பெயர்தான் பீங்கான். பிரெஞ்சுப் புரட்சியோடு ஏறக்குறைய அழிந்துபோய், சுவிஸில் மிஞ்சிய சிலவற்றால் மீண்ட இனமாம். மோப்பம் பிடித்து ஓடும்போது குரலே சங்கீதமாம். கணவர் முயல் வேட்டைக்கு வளர்த்தது. வெளியூர் போகும்போது மட்டும் அதைப் பின் அறையில் விட்டு, இரண்டு தரம் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டுப் போவாராம்.

அன்று அவர் என்னை ஏசவில்லை. "ஏன் திருப்பிக் கேட்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டதற்கு ஓர் உயிர் தவித்துக் கிடந்தது. கதவைத் திறந்ததும் அது தண்ணீருக்கு முன் என் கையைத்தான் நக்கியது என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு அழுகை வரும்.