ஜெபத்தின் நடுவே தீய்ந்த பிரட்டல்

இன்று சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான தம்போயில் எங்கள் சர்ச்சில் சாமுவேல் அங்கிள்தான் முடிவு ஜெபம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாசிர் கூடாங் தொழிற்சாலை ஷிஃப்ட்காரர்கள் என்று ஒருவரையும் விடாமல் ஜெபிப்பார்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். மூக்கை மூட முடியவில்லை. பின்கட்டு அடுப்பிலிருந்து கோழிப் பிரட்டல் மணந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே தீய்ந்த நாற்றமானது.

பக்கத்தில் தைல வாசனையோடு ஸ்டெல்லா ஆண்ட்டி.

"அடிபிடிக்குது ஆண்ட்டி, நீங்கதானே அடுப்புல வெச்சீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"நான் ஜெபத்துல இருக்கேன் லா. நீ போய்ப் பாரு."

"நானும் ஜெபத்துலதான் இருக்கேன்."

அங்கிள் குரல் மாறாமல் தொடர்ந்தார்: "ஆண்டவரே, அந்த அடுப்பை அணைக்க யாரையாவது எழுப்பும்!"

"ஆமென்!" என்று கூரை அதிரச் சொன்னோம். ஒருவரும் அசையவில்லை.

கருகிய பிரட்டலை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டோம்.

உங்கள் சர்ச்சில் அப்படி ஒரு ஆமெனுக்கு எழுந்து போகிறவர் யாராவது உண்டா? இருந்தால் இங்கே அனுப்பிவையுங்கள்.